எனக்குக் கால் வலித்த செண்பகாதேவிப் பாதை

எங்கள் மேலகரத்துக் காலை நடைக் குழுவின் வாட்ஸப்பில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. 'குடும்பத்தோடு மலை ஏறுவோம்! குழந்தைகள், பெண்கள், பெரியவர்கள் அனைவருக்கும் ஏற்ற எளிய பாதை.' கீழே ஒரு படம். ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி பல். யாருக்கும் வேர்க்கவில்லை, யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. குடும்பத்தோடு ஒரு தடவையாவது மலை ஏறியவன் அப்படி ஒரு படத்தை வரைந்திருக்கவே மாட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு கேஸ் சிலிண்டரை உருட்டிவிட்டு அரைமணி நேரம் மின்விசிறிக்கு அடியில் கிடக்கிற உடம்பு இது. இதில் மூச்சு வாங்காமல் ஏறுகிற ஒரே சமாச்சாரம் இப்போதைக்குக் கோபம்தான். 'எளிய பாதையா? யாருக்கு எளிது? யார் ஏறிப் பார்த்துச் சொன்னது?' என்று குழுவில் எழுதினேன். குழுவை நடத்துகிற நண்பர், 'விருப்பம் இருந்தா வாங்க அண்ணாச்சி' என்று எழுதி, பக்கத்தில் கும்பிடுகிற கை ஒன்றையும் போட்டிருந்தார். அந்தக் கைக்கு என்ன தெரியும். எளிய பாதை என்று சொல்லி ஒரு மனுஷியை மலையேற்றிப் பார்த்ததை அது கண்டதா?

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆனி மாதம் அது. அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வீரகேரளம்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். வகுப்பில் அவள் ஒரு தரம் தொண்டையைச் செருமினால் நாற்பது பிள்ளைகள் வாயை மூடும் என்று சொல்வார்கள். வீட்டில் நான் மூடுவேன். அத்தைக்கு இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் சில நாள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டிருப்பாள். நெஞ்சுக்குள்ளிருந்து பழைய கதவைத் திறப்பதுபோல் ஒரு சத்தம் வரும். மாத்திரை போடுவாள், சரியாகிவிடும், மறுநாள் பஸ் ஏறிவிடுவாள். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை. மாடிப்படியில் ஐந்தாவது படி ஆடும், பின்கட்டுக் குழாய் சொட்டும், அத்தைக்கு இளைக்கும். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு ஒரு கள்ளத்தனமான முறை இருந்தது. வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டு, 'போய்ச் சொல்லி அனுப்புதோம்' என்று கிளம்பினால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாகக் குற்றால சீசனில் இரண்டு குடும்பங்கள் அருவிக்கரையில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். ஒத்துவந்தால் கல்யாணம், வராவிட்டால் குளிக்க வந்தோம், குளித்தோம், போனோம். அந்தத் தற்செயலுக்கு ராகுகாலம், எமகண்டமெல்லாம் பார்த்து நாள் குறிப்பார்கள். ஒரே ஒரு விதி: அன்று முழுக்க ஒருத்தரும் கல்யாணம் என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது.

அத்தையைப் பார்க்க வந்தவர்களுக்குக் காற்றுவாக்கில் ஏதோ சேதி போயிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா, பேரருவியெல்லாம் ஒரே கூட்டம், மேலே செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போவோம், பிள்ளைகளெல்லாம் ஏறுகிற பாதைதானே, என்று சொல்லியனுப்பினாள். அப்போது அந்த வழியில் இப்போதுபோல் கட்டுப்பாடு கிடையாது; பேரருவிப் பக்கமிருந்து சிற்றருவியைத் தாண்டி யாரும் ஏறிப் போகலாம். அருவிக்கு அடியில் நிறுத்தினால் எல்லாப் பெண்ணும் ஒரேமாதிரி நடுங்குவாள். ஏற்றத்தில்தான் உள்ளே இருப்பது தெரியும். மாடு வாங்குகிறவன் நாலு நடை நடக்கவிட்டுப் பார்ப்பதில்லையா, அந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதும் முகத்துக்கு நேரே 'எங்க பிள்ளைக்கு இளைப்பு உண்டு, சம்மதம்னா வாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா, ஏறலாம் என்று சொல்லியனுப்பினார். அம்மா ஒரு திட்டம் போட்டாள். திட்டத்தின் பெயர் நான்.

இதெல்லாம் பின்னால் நான் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டவை. அன்று காலையில் எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்கு வேண்டியவர்கள் வருகிறார்கள் என்பது மட்டும்தான். எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏலே, ஏறும்போது நான் உன் தோளைப் பிடிச்சு அமுக்குவேன். அமுக்கினா, கால் வலிக்குன்னு சொல்லி உக்காந்துரணும்."

"எனக்குத்தான் வலிக்காதே."

"அமுக்கினா வலிக்கும்."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு கேட்டா தோலை உரிச்சிருவேன்."

என் வருத்தம் புரிய வேண்டுமென்றால் ஒரு சோப்பு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்து வாங்கிய பரிசு அது. பச்சை நிறம், மூடியில் வாத்து. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, இந்த உடம்பு எதிலும் முதலாவதாக வந்ததில்லை. அன்று காலையில் பேரருவிக்கரையில் அவர்கள் வந்து சேர்ந்த பத்தாவது நிமிஷத்தில், மாப்பிள்ளையின் அக்கா மகளிடம் அந்தச் சோப்பு டப்பாவைப் பற்றி நான் சொல்லி முடித்திருந்தேன். அவளும் ஆறாம் வகுப்புதான். இரட்டைச் சடை, கையில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். எனக்கு ஒன்று தரலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தவள்போல் நின்றாள்.

மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். விடுப்பில் வந்திருந்தார். ஒட்ட வெட்டிய முடி, கேன்வாஸ் ஷூ. யாரிடமும் அதிகம் பேசவில்லை. அவருடைய அம்மா வெறுங்காலோடு வந்திருந்தாள். ஒரு கூடை நிறைய மங்குஸ்தான் பழம் இடுப்பில். அந்தக் கூடையோடு அந்த அம்மாள் ஏறியதைப் பார்த்திருந்தால், பட்டாளத்தில் மகனுக்குப் பதிலாக அவளைச் சேர்த்திருப்பார்கள்.

ஏறத் தொடங்கினோம். சாரல் கண்ணுக்குத் தெரியாமல் பெய்துகொண்டிருந்தது. பாறைகள் வழுக்கின. மரவேர்கள் படிக்கட்டுபோல் போவதும், திடீரென்று காலை வாருவதுமாக இருந்தன. பட்டாளத்துக்காரர் முன்னே போவார், வளைவில் நின்று திரும்பிப் பார்ப்பார், மறுபடி போவார். அவருடைய அம்மா நடுவில் ஏறினாலும், கண் மட்டும் பின்னாலேயே இருந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஒரே சீராக ஏறினாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. மேலே அருவிக்கரையில் கோயில் இருக்கிறதே, அம்மனுக்கு ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சிற்றருவி தாண்டி நாலு வளைவு போயிருப்போம், அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. "கால் வலிக்கு" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

"ஐயோ பாவம், சின்னப் பிள்ளை" என்று அம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எல்லாரும் நின்றார்கள். அத்தை ஒரு மரத்தில் கையை ஊன்றி, மரத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரட்டைச் சடை என் காலைக் குனிந்து பார்த்தாள். காலில் ஒன்றும் இல்லை. சிப்ஸ் ஒன்றை நறுக்கென்று கடித்தாள்.

இரண்டாவது அமுக்கல் ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில். மூன்றாவது அதிலிருந்து இருபது எட்டுகூட இல்லை. மூன்றாவது தடவை பட்டாளத்துக்காரர் கீழே இறங்கி வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் அத்தையின் பக்கத்தில் போய், "உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லையே?" என்று கேட்டார். அத்தை நிமிர்ந்தாள். மூச்சை உள்ளே இழுத்து, "எனக்கு..." என்று தொடங்கினாள்.

"அவளுக்கென்ன, ஜம்முன்னு ஏறுவா" என்றாள் அம்மா. "இந்தப் பயலாலதான் எல்லாருக்கும் தாமசம்."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த 'எனக்கு' பாதையிலேயே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

அன்று எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது மாப்பிள்ளையின் அம்மா, அந்தப் பட்டாளத்தம்மா, சொன்னதுதான். என் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "பயலுக்கு ரத்தமே இல்லையே. ஈரல் வாங்கிக் குடுங்க" என்றாள். உடனே இரட்டைச் சடை, "ஆச்சி, இவன் ஓட்டத்துல ஃபர்ஸ்ட்டாம்" என்றாள். ஆச்சி சிரித்தாள். "எங்கன, கட்டில்லயா?" என்றாள். அப்பாவும் சிரித்தார். என் அப்பா! பரிசு வாங்கிய அன்று கைதட்டின அதே அப்பா! என் சோப்பு டப்பாவின் வாத்து அந்த இடத்தில் செத்தது.

நாலாவது அமுக்கலில் நான் "கால்" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அம்மா சொன்னாள். அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. பட்டாளத்துக்காரர் விறுவிறுவென்று வந்து, "வா தம்பி" என்று என்னை அலாக்காகத் தூக்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். "இனி நிக்காமப் போயிரலாம்" என்றார்.

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஒரே தூக்கில் அம்மாவின் திட்டம் அடியோடு சரிந்தது. தோளில் இருக்கிறவனுக்கு எப்படிக் கால் வலிக்கும்? இனி நிற்பதற்கு யாருக்கும் காரணமே இல்லை. கூட்டம் வேகமெடுத்தது. அம்மா பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்து, எட்டி என் காலைக் கிள்ளினாள். கெண்டைக்காலில் ஒன்று, தொடையில் ஒன்று. வேறு ஏதாவது வலியைச் சொல் என்று அர்த்தம். எனக்கா, மானம் போயிருந்தது. பதினொரு வயதில் ஒருத்தன் தோளில் ஏறிப் போவதை, தன் காலாலேயே ஏறி வருகிற இரட்டைச் சடை கீழேயிருந்து பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிள்ளட்டும் என்று இருந்தேன்.

அங்கிருந்து எனக்கு எல்லாரும் தெரிந்தார்கள். அப்பா பையைத் தோள் மாற்றிக்கொண்டு மரங்களை எண்ணுகிறவர்போல் போனார். கடைசியில் அத்தை வந்தாள். முகம் வெளுத்து, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அந்தக் கதவுச் சத்தம் எனக்கே கேட்டது. அம்மா எதற்காக என் தோளை அமுக்கினாள் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உதடு மட்டும் இன்னும் அசைந்தது. அவள் நிற்கவில்லை. யாரும் அவளுக்காக நிற்கவும் இல்லை.

இந்த இடத்தில், அத்தையின் கஷ்டத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். வயது ஏற ஏற ஞாபகத்துக்கு வெள்ளையடிக்கத் தோன்றுகிறது. நடந்தது அதுவல்ல. அம்மா மூன்றாவதாக ஒரு கிள்ளு கிள்ளினாள். இரட்டைச் சடை சிரித்தாள். நான் பட்டாளத்துத் தோளின் உச்சியிலிருந்து, மலைக்கே கேட்கும்படி கத்தினேன்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல! அத்தைக்குத்தான் இளைப்பு! அதுக்குத்தான் அம்மா என்னைய வலிக்குன்னு சொல்லச் சொல்லுதா!"

எல்லாரும் நின்றார்கள். திட்டமிட்ட நிறுத்தங்களைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

பட்டாளத்துக்காரர் என்னை இறக்கிவிட்டார். திரும்பி அத்தையைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அத்தை ஒரு கையை உயர்த்தினாள். ஒரு நிமிஷம் பொறுங்கள், மூச்சு வரட்டும், சொல்கிறேன் என்பதுபோல. அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

"சின்னப்பய உளறுதான்" என்றாள் அம்மா.

"லேசா சளித் தொந்தரவு" என்றார் அப்பா. அன்று அவர் சொன்ன முதல் வாக்கியம்.

"நான் அப்பமே பாத்தேன்" என்றாள் பட்டாளத்தம்மா. அத்தையைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "சரி, வந்தது வந்தாச்சு. குளிச்சிட்டுப் போவோம். ஏடே, நீ முன்னால போ."

அவர் அத்தையைப் பார்த்தார். தன் அம்மாவைப் பார்த்தார். எத்தனையோ எல்லையில் நின்றவர், ஒரு மங்குஸ்தான் கூடைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஏறிப் போனார். அத்தையின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. ஒன்றுமே நடக்கவில்லை. பேச்சே எடுக்காத ஒன்றை முறிக்க முடியாது இல்லையா? அதனால் எல்லாரும் சேர்ந்து குளித்தார்கள். எல்லாரும் சேர்ந்து எங்கள் வீட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டார்கள். பட்டாளத்தம்மா இரண்டு தரம் வாங்கிக்கொண்டு, பெருங்காயம் தூக்கல் என்றாள். தலைக்கு இரண்டு மங்குஸ்தான் பங்குவைத்தாள், அத்தைக்கும் இரண்டு. அத்தை அதை வாங்கி, உரிக்காமல் பாறைமேல் வைத்தாள். ஒரு குரங்கு வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்த மலையில் அன்று நேர்மையாக நடந்துகொண்டது அதுதான். பார்த்தது, வேண்டும் என்று நினைத்தது, எடுத்தது.

அத்தை குளிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு அஞ்சலட்டை வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். அவர்கள் ஜாதகம் வாங்கவே இல்லை.

அத்தைக்கு அப்புறம் கல்யாணம் ஆயிற்றா என்று இந்தக் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. அவள் தென்காசியில்தான் இருக்கிறாள், நன்றாகப் பேசுவாள், வேண்டுமென்றால் அவளிடமே போய்க் கேளுங்கள் என்பேன். இந்தப் புத்தி எனக்கு வருவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று அது இல்லை. அருவிக்கரையில் அம்மா என்னை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் முதுகில் நாலு வைத்தாள். "ஒரு கல்யாணத்தையே கெடுத்துட்டியேலே, பாவி!" அப்போதுதான் நடந்தது என்னவென்றே எனக்குத் தெரிந்தது. அப்பா தன் பங்குக்குக் காதைத் திருகினார். இறங்கும்போது முன்னால் அவர்கள் குடும்பம். அவர்களோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு அப்பாவும் அம்மாவும். கடைசியில், யாருக்கும் வேண்டாதவர்களாக அத்தையும் நானும்.

இறக்கத்தில் அத்தைக்கு இளைக்கவில்லை. ஆனாலும் மெதுவாக நடந்தாள். தோன்றிய இடத்தில் நின்றாள். ஒரு பாறையில் உட்கார்ந்து, சேலையில் ஒட்டியிருந்த சருகையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முன்னால் போனவர்களின் பேச்சு வளைவுக்கு அப்பால் போய் அடங்கிவிட்டது. என்மேல் அவளுக்குக் கோபம் என்று தெரிந்தது. கல்யாணத்தைக் கெடுத்ததற்குத்தான் என்று நினைத்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழி தோன்றியது. நல்ல வழி என்றே நினைத்தேன்.

"அத்த, நான் வேணும்னா ஓடிப்போய், அத்தைக்கு இளைப்பே கிடையாது, நான் சும்மா சொன்னேன்னு அவங்கட்ட சொல்லிருதேன்."

பளீரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அத்தை என்னை அடித்தது அதுவரை கிடையாது, அதற்குப் பிறகும் கிடையாது.

"அதையும் நீதான் சொல்லணுமாலே?" என்றாள்.

அன்று வாங்கிய அடிகளில் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தது. இதற்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா அடிக்கிறாள். பொய் சொல்கிறேன் என்றால் அத்தை அடிக்கிறாள். பெரியவர்களைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கெல்லாம் குழம்பிப்போய், அழுவதா வேண்டாமா என்று நின்றேன்.

அத்தை எழுந்தாள். பாதையின் நடுவில் போய் நின்றாள். முன்னே அந்த வளைவு. அங்கே யாரும் இல்லை. சாரலும், சொட்டுகிற மரங்களும்தான். சேலையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினாள். நாற்பது பிள்ளைகள் வாயை மூடும் அந்தச் செருமல். பிறகு காலையிலிருந்து அவள் உதட்டில் ஓடிக்கொண்டிருந்ததை, அம்மனுக்கென்று நான் நினைத்திருந்ததை, ஒரு சொல்லும் விடாமல், எங்கும் மூச்சு இடறாமல், வகுப்பில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்.

"எனக்கு ஏழு வயசுல இருந்து இளைப்பு இருக்கு. குளிர்ல வரும், ஏத்தத்துல வரும். மருந்து இருக்கு. அதோடதான் படிச்சேன், அதோடதான் வேலைக்குப் போறேன். இதை மறைச்சுக் கல்யாணம் பண்ண எனக்கு இஷ்டம் இல்ல. இப்ப நீங்க உங்க மனசுல உள்ளதைச் சொல்லலாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"யார்ட்ட அத்த பேசுதிய?" என்று கேட்டேன். "அதான் நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்லா."

அத்தை திரும்பவில்லை. யாரோ வரப்போகிறார்கள்போல என்று நினைத்து, எரிகிற கன்னத்தைத் தடவிக்கொண்டு, நானும் அவள் பக்கத்தில் நின்று அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.